மைனா போன இடமெல்லாம்

நாமக்கல்
12-3-1936

அன்புள்ள மாமாவுக்கு,

நம் மகள் சாலாவுக்காக நான் வரைந்த மைனாப் புத்தகத்தை அச்சுக்கு அனுப்பச் சொல்லி மூன்று கடிதம் போட்டுவிட்டீர்கள். அனுப்ப மனம் வரவில்லை.

படத்தில் மைனா பனமரத்துப்பட்டி ஏரியில் குளிக்கிறது. மலைக்கோட்டை மேல் உட்காருகிறது. கோயிலுக்குள் போய்ப் பொங்கல் தின்கிறது. நம் பண்ணையாள் ரங்கனின் மகள் குப்பாயியும் சாலாவோடு உட்கார்ந்து அதைப் பார்ப்பாள். "மைனா போன இடத்துக்கெல்லாம் என்னையும் கூட்டிட்டுப் போவீங்களா அம்மா?" என்று கேட்டாள். சரி என்றேன்.

ஏரி தூரம் என்பதால், நேற்று வண்டி கட்டிக்கொண்டு கோட்டைக்கும் கோயிலுக்கும் போனோம். கோட்டையில் இருவரும் ஓடி விளையாடினார்கள். கோயில் வாசலில்தான் எனக்கு உறைத்தது. அவள் சாதியை உள்ளே விடமாட்டார்கள். வரையும்போது அதை நான் நினைக்கவே இல்லை. இப்போது சொல்லவும் வாய் வராமல், "செருப்பெல்லாம் பாத்துக்கோ சாமி" என்று அவளை வெயிலில் உட்காரவைத்தேன்.

"மைனா செருப்பா பாத்துச்சு?" என்றாள் சாலா. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

திரும்பி வந்தபோது குப்பாயி செருப்புகளை ஜோடி ஜோடியாக அடுக்கி வைத்திருந்தாள். "ஒண்ணுகூடக் காணாமப் போகலீங்கம்மா" என்றாள் பெருமையாக.

கெட்டிக்காரி என்றேன். அதற்கும் அவள் சிரித்தாள்.

உங்கள் மனைவி