மாப்பிள்ளை சாப்பிடவில்லை

மார்ச் 4, செவ்வாய்

இன்று ரிப்பேருக்கு இரண்டு வீட்டு ஃப்ரிட்ஜ், ஒரு கடை ஃப்ரீசர். கேஸ் லீக்கைத் தேடியதில் அரை நாள் போச்சு. அது கிடக்கட்டும். சனிக்கிழமை மகளுக்கு வாங்கி வந்த நியூட் என்கிற குட்டிப் பிராணி இன்னும் வாயைத் திறக்கவில்லை.

மகள் கேட்டது நாய்க்குட்டி. வீட்டு ஓனர் நாய் கூடாது என்றார். பேசிப் பேசி, பல்லிக்கும் தவளைக்கும் நடுவில் நிற்கிற இந்தத் தண்ணீர்ப் பிராணியில் வந்து முடிந்தது. விரல் நீளம், கறுப்பு முதுகு, ஆரஞ்சு வயிறு. குச்சியில் புழுவை எடுத்து மூக்குக்கு நேராக ஆட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. "விருந்துக்கு வந்த புது மாப்பிள்ளையாட்டம் முறுக்கிக்குது பாருங்க" என்றாள் மனைவி. பெயர் அப்படியே நின்றுவிட்டது. "நீங்களும் அன்னிக்கு இப்படித்தான்" என்று எனக்கும் ஒரு குத்து. நான் அன்று மூன்று தரம் சாப்பிட்டேன். அவளுக்கே தெரியும்.

மார்ச் 5

விரலால் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருக்கிறது. பாவம், குளிரில் ஒடுங்கிப் பசியே எடுக்கவில்லை போல. தொட்டிக்கு மேல் அறுபது வாட் குண்டு பல்பு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டேன். என்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

மார்ச் 6

மகள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள். மாப்பிள்ளை சாப்பிடும் நாளில் ஒரு நட்சத்திரம். அவள் பள்ளிக்குப் போன பிறகு புழு கொடுப்பது என் வேலை.

சாயங்காலம் வந்தவள் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. "அப்பா, சாப்பிட்டானா?"

அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"ஒண்ணு சாப்பிட்டான்டா."

குதித்துப் போய் நட்சத்திரம் ஒட்டினாள். அந்தப் புழு பால்கனிப் பூந்தொட்டியில் கிடக்கிறது. ஒரு நாள்தானே. நாளைக்குச் சாப்பிட்டுவிடுவான்.

மார்ச் 10

ஐந்து நட்சத்திரம். சனி ஞாயிறு அவள் வீட்டில் இருந்தாள். "நீ எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே சாப்பிட்டுட்டான்" என்றேன். பொய் இவ்வளவு சரளமாக வரும் என்று தெரிந்திருந்தால் வேறு தொழிலுக்குப் போயிருப்பேன். மாப்பிள்ளைக்கு இடுப்பு எலும்பு துருத்துகிறது.

மார்ச் 11

மாட்டிக்கொண்டேன்.

மகள் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றப் போனாள். மண்ணில் ஐந்தாறு புழு, காய்ந்து சுருண்டு. நின்று பார்த்தாள். நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக நகத்தால் சுரண்டினாள்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா நான் சயின்ஸ் மிஸ்கிட்ட கேட்டிருப்பேன்ல? இப்ப அவன் செத்துட்டா யாருப்பா கொன்னது?"

ஒன்பது வயசு. அழக்கூடாதுன்னுதானே பொய் சொன்னேன்? இல்ல. அவ அழுறத நான் பாக்கக் கூடாதுன்னு சொன்னேன். ரெண்டும் ஒண்ணா?

மார்ச் 12

மகள் பள்ளியிலிருந்து வந்ததும் நேராக என் டூல்ஸ் பைக்குப் போனாள். ஃப்ரிட்ஜுக்குள் வைத்துப் பார்க்கிற தெர்மாமீட்டரை எடுத்துத் தொட்டியில் விட்டாள். எங்கள் மூன்று தலையும் அதன் மேல்.

"இருபத்தொம்பது டிகிரி. இருபதைத் தாண்டக் கூடாதாம். சூடானா சாப்பிடாதாம், மிஸ் சொன்னாங்க." பல்பை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் என்னை. "அப்பா, நீ என்ன வேலை பாக்குற?"

கிண்டலுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள்.

"ஊரு பூராவும் குளிர வெச்சிட்டு வந்து வீட்ல ஒண்ண வேக வெச்சிருக்கீங்களே" என்றாள் மனைவி.

பதினேழு வருஷமாக இந்தத் தொழில். ஃப்ரிட்ஜுக்குள் கையை விட்டு "சில்லுன்னுதானே இருக்கு" என்று சொல்லும் கஸ்டமரிடம், "கை பொய் சொல்லும், மீட்டரைப் பாருங்க" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

பல்பைக் கழற்றினேன். பழைய ஃப்ரிட்ஜிலிருந்து கழற்றி வைத்திருந்த சின்ன ஃபேனைத் தண்ணீர் மேல் காற்று படும்படி கட்டினேன். ஒரு சின்ன பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்து மிதக்க விட்டேன். திடீரென்று குளிர வைத்தாலும் தாங்காதாம். இதையும் அவள்தான் சொன்னாள், சுவரைப் பார்த்து.

இனி மாப்பிள்ளைக்குக் காலைப் பந்தி என் பொறுப்பு, மாலைப் பந்தி அவள் பொறுப்பு.

மார்ச் 13

இருபத்து நான்கு. "சாப்பிடல" என்றேன். தலையாட்டினாள். அவ்வளவுதான் பேச்சு.

மார்ச் 15

பத்தொன்பது. சாப்பிடவில்லை. தாளில் நானே "இல்லை" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

"கையெழுத்து எதுக்கு?" என்றாள். மூன்று நாளில் அவளாகக் கேட்ட முதல் கேள்வி.

மார்ச் 16

இல்லை. ஒரு மூலையிலேயே கிடக்கிறான். செத்துவிட்டானோ என்று மூன்று தரம் கண்ணாடியைத் தட்டினேன். மூன்றாம் தரம் வாலை அசைத்தான். கோபமாக இருக்கும்.

மார்ச் 18, செவ்வாய்

ஐஸ்க்ரீம் கடையில் கம்ப்ரஸர் மாற்றி வரும்போது ஏழு மணி. மகள் வாசலிலேயே நின்றாள்.

"ஒண்ணு சாப்பிட்டான். தலைய உதறி உதறி முழுங்கினான்."

"நெஜமாவா?"

"நான் என்ன நீயா?"

மனைவி உள்ளே சிரித்தாள். என் கால் தானாகப் பூந்தொட்டிப் பக்கம் இரண்டு எட்டு வைத்தது. நிறுத்தினேன். பையை இறக்கி வைத்துவிட்டுக் கை கழுவி வந்தேன்.

நட்சத்திர அட்டையை நீட்டினாள். "இந்தா, நீ ஒட்டு."

ஒட்டினேன். கொஞ்சம் கோணல். அவள் அதை நேராக்காமல் அப்படியே விட்டாள்.