நிரம்பியே இருக்கும் ஜக்கு

என் அன்பும் மரியாதையும் நிறைந்த அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? இந்தக் கடிதத்தில் நடந்ததையெல்லாம் உண்மையாக எழுதப் போகிறேன். கண்ணால் பார்த்ததைப் பார்த்தேன் என்றும், நானாக நினைத்ததை நினைத்தேன் என்றும் பிரித்தே எழுதுவேன். போன கடிதத்தில் அப்படிச் செய்யாததால்தான் மாத்திரை விஷயத்தில் எனக்குத் தலைகுனிவு ஆயிற்று. பராமரிப்பு இல்லத்தில் அத்தைக்குத் தூக்க மாத்திரை கொடுக்கிறார்கள் என்று நான் எழுத, நீங்கள் போனில் கேட்க, மேலாளர் அம்மா மாத்திரை அட்டைகளை எல்லாம் அம்மாவின் முன்னால் பரப்பிக் காட்டிவிட்டார். அதில் தூக்க மாத்திரை ஒன்றுகூட இல்லை. அன்றிலிருந்து அம்மா என்னைத் 'துப்பறியும் புலி' என்றுதான் கூப்பிடுகிறாள். "புலி, சாப்பிட வா", "புலி, துணியை மடி" என்று.

ஆனாலும் இந்த முறை நீங்கள் என்னை நம்ப வேண்டும். திங்கட்கிழமை மேலாளர் அம்மா உங்களைப் போனில் கூப்பிட்டு, அத்தையை மாடிக்கு மாற்றச் சம்மதம் கேட்கப் போகிறார். மாடி என்றால் படுக்கைப் பிரிவு. அத்தைக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை, இனி தேறுவது கஷ்டம் என்று இல்லத்து டாக்டர் சொல்லிவிட்டாராம். மாடிக்குப் போன யாரும் திரும்பக் கீழே வந்து நான் பார்த்ததில்லை. போனில் இதையெல்லாம் சொல்ல முடியாது, அம்மா பக்கத்திலேயே நிற்பாள். அதனால் நாளைக் காலை நீங்கள் வேலை பார்க்கும் ஊருக்குக் கிளம்பும் எதிர்வீட்டு மெக்கானிக் மாமாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

வீட்டில் அம்மாவுக்கு முதுகுவலி பரவாயில்லை. விடுமுறை விட்டதிலிருந்து மத்தியானம் நான் இல்லத்துக்கு வந்துவிடுகிறேன். அம்மா வேலை முடிந்து வந்து என்னைக் கூட்டிப் போகும்வரை கூடத்தில் எல்லோருக்கும் செய்தித்தாள் வாசிப்பேன். கல்யாண விளம்பரப் பக்கத்துக்குத்தான் மவுசு அதிகம். மாப்பிள்ளை உயரத்தைச் சொன்னதும் ஆளாளுக்கு ஒரு குறை சொல்வார்கள்.

இனி அத்தையைப் பற்றி. பக்கவாதம் வந்த பிறகும் அவர் பஸ் கண்டக்டராகவேதான் இருந்தார். பேச்சு போய் மிஞ்சிய சில வார்த்தைகளில் ஒன்று "டிக்கெட்". யார் அறைக்குள் நுழைந்தாலும் இடது கையை நீட்டி "டிக்கெட்?" என்பார். டாக்டரிடமும் ஒருநாள் கேட்டார். அவர் பாக்கெட்டைத் தடவிவிட்டு, "அடுத்த ஸ்டாப்புல இறங்கிடுறேம்மா" என்றதும் அறையே சிரித்தது. அந்த அத்தையைத்தான் இந்தச் சில வாரங்களாகக் காணவில்லை. கண் உள்ளே போய்விட்டது, உதடு வெடித்திருக்கிறது. சுவரைப் பார்த்து ஏதோ முணுமுணுக்கிறார். என்னைப் பார்த்தால், தெரியாத பயணியைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்.

மற்ற இரண்டு இடங்களைப் பார்க்கப் போனபோது வாசலிலேயே மூத்திர வாடை அடித்ததும், இங்கே நீங்கள் மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு "இங்கேயே சேத்துடலாம்" என்றதும் நினைவிருக்கும். நானும் முதல் கடிதத்தில் இந்த இடத்தைப் புகழ்ந்துதான் எழுதினேன். வெள்ளை வெளேரென்ற விரிப்பு, பளபளக்கும் தரை, கட்டில் பக்கத்து மேசையில் மூடி போட்ட தண்ணீர் ஜக்கு. எப்போது போனாலும் ஜக்கு நிரம்பியே இருக்கிறது, அவ்வளவு கவனிப்பு என்று எழுதினேன். நிரம்பியே இருக்கும் ஜக்கிலிருந்து யாரும் குடிக்கவில்லை என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

புதன்கிழமை சாயங்காலம் நடந்ததைச் சொல்கிறேன். இது நான் பார்த்தது. புழுக்கமாக இருந்ததால் துணியை நனைத்து அத்தையின் முகத்தைத் துடைத்தேன். வாய்ப் பக்கம் வந்ததும் அவர் துணியின் முனையைப் பல்லால் கவ்விக்கொண்டு சப்பினார். விடவே இல்லை. மேசையில் இருந்த ஜக்கைத் திறந்தேன். உள்ளே ஒரு சின்னக் கொசு மிதந்தது. முந்தின நாள் மத்தியானம் மூடியைத் திறந்து பார்த்தபோதும் அதே கொசு, ஒற்றை இறக்கையோடு மிதந்தது. தண்ணீர் மாறவும் இல்லை, குறையவும் இல்லை. ஜக்கு வேறு அத்தைக்கு வலது பக்கம் இருந்தது. அவருக்கு வராத கை அதுதானே, அப்பா.

குழாயில் வேறு தண்ணீர் பிடித்து வந்து, அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். புரையேறவில்லை. டம்ளரைக் காலி செய்துவிட்டு, அதன் அடியையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி நிரப்பினேன்.

மறுநாள் நான் உள்ளே வரும்போதே ஆயாவின் சத்தம் கேட்டது. "யாரு இதுக்குத் தண்ணி குடுத்தது? விரிப்பெல்லாம் நாறுது! சாயங்காலத்துக்கு மேல குடுக்காதீங்கன்னா யார் கேக்குறீங்க?" என்று கத்திக்கொண்டிருந்தார். 'இதுக்கு' என்றார், அப்பா. 'இவங்களுக்கு' என்றுகூடச் சொல்லவில்லை. என்னைக் கண்டதும் குரலை மாற்றி, "வா பாப்பா, இன்னிக்கு என்ன நியூஸ்?" என்றார்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மா இருக்கிறார். ஓயாமல் பேசுவதால் எல்லோரும் அவரை ரேடியோ என்பார்கள். அவரிடம் கேட்டேன். அன்றைக்கு மட்டும் ரேடியோ மெதுவாகத்தான் பேசியது. "நாலு மணி டீயோட சரி. அப்புறம் காலைலதான். ராத்திரி முழுக்க எங்களுக்கெல்லாம் ஒரே ஒரு ஆள். நனைஞ்சா யாரு மாத்துவா? நான் கேக்குறதையே விட்டுட்டேன். உங்க அத்தைக்குத்தான் கேக்கவும் வாயில்லை" என்றார். தன் பேத்தி கொண்டுவரும் ஆரஞ்சுச் சுளைகளைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்திருப்பதையும் காட்டினார்.

பகலில் குடிக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அதையும் பார்த்தேன். சோற்றோடு அரை டம்ளர் வைக்கிறார்கள். அத்தை எட்டிப் பிடிப்பதற்குள் தட்டோடு எடுத்துப் போய்விடுகிறார்கள். சாப்பிட ஆடி அசைந்து நேரமெடுப்பவர் அவர்.

தண்ணீர் கொடுக்காவிட்டால் விரிப்பு நனையாது, வாடையும் வராது; நாம் மெச்சிய சுத்தம் இதுதான் என்று எனக்கு இப்போது தோன்றுவது, நினைத்தது என்ற கணக்கில் சேரும். புதன்கிழமையிலிருந்து நான் எதையும் நம்புவதில்லை. வாசலில் சிரித்தால் ஏன் சிரிக்கிறார்கள் என்று பார்க்கிறேன். சொந்தக்காரர்கள் வரும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் எல்லோர் தலையும் ஏன் எண்ணெய் வைத்து வாரியிருக்கிறது என்று யோசிக்கிறேன். மேலாளர் அம்மாவுக்கு இது தெரியுமா, தெரியாதா என்பதுதான் விளங்கவில்லை. ராத்திரி தாகம் எடுத்தால் என்ன செய்வார்கள் என்று சும்மா கேட்பது போலக் கேட்டேன். அவர் என் கன்னத்தைத் தட்டி, "எல்லாமே கைக்கெட்டுற தூரத்துல இருக்கேம்மா" என்றார். எந்தக் கைக்கு என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

வியாழனும் வெள்ளியும் மத்தியானத்திலேயே மறக்காமல் தண்ணீர் கொடுத்தேன். வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுவந்தேன். இன்று, சனிக்கிழமை, நான் உள்ளே நுழைந்ததும் அத்தை தலையைத் திருப்பினார். கையை நீட்டினார். "டிக்கெட்?" என்றார். அப்பா, எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆள் தெரியாதவராக இருந்தால், என் காதைப் பிடித்து இழுத்து, பின்னலை அவிழ்த்து விளையாடியிருப்பாரா?

ஓடிப்போய் மேலாளர் அம்மாவைக் கூட்டி வந்தேன். இதுதான் நான் செய்த தப்போ என்னவோ. அவர் அத்தையைப் பார்க்கவில்லை. என் பாட்டிலைப் பார்த்தார். "பாப்பா, நாளையிலேருந்து ஞாயித்துக்கிழமை மட்டும் அம்மாவோட வந்தாப் போதும். நோயாளிங்களுக்கு ரெஸ்ட் வேணும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

நேற்றிரவே அம்மாவிடம் எல்லாம் சொல்லியிருந்தேன். அவள் இந்த முறை புலி என்று கூப்பிடவில்லை. "நாம சண்டை போட்டுட்டு வீட்டுக்கு வந்துடுவோம். அத்தை அவங்க கையிலதானடி இருக்கணும்? நம்ம மேல இருக்கிற கோபத்தை அங்கதானே காட்டுவாங்க?" என்றாள். உங்களுக்கு எழுத வேண்டாம், தனியாக உட்கார்ந்து கலங்குவீர்கள் என்றும் சொன்னாள். அம்மா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அவள் மேல் கோபப்படாதீர்கள்.

அப்பா, திங்கட்கிழமை சரி என்று சொல்லிவிடாதீர்கள். வெளி டாக்டர் ஒருவர் பார்த்த பிறகுதான் எதுவும் என்று சொல்லுங்கள். என் பெயரை எடுக்க வேண்டாம். "சாயங்காலத்துக்கு மேல எங்க அக்காவுக்கு யார் தண்ணி குடுக்கிறீங்க?" என்று மட்டும் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். உடனே பதில் வருகிறதா, இழுத்து வருகிறதா என்று கவனியுங்கள். லீவு கிடைத்தால் ஞாயிற்றுக்கிழமை இல்லாத ஒரு நாளில், சொல்லாமல் கொள்ளாமல் வாருங்கள். கிடைக்காவிட்டால் அத்தையை வீட்டுக்கு அழைத்துவர அம்மாவிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். என் அறையைக் கொடுக்கிறேன். விரிப்பு நனைந்தால் நான் அலசுகிறேன், முகம் சுளிக்க மாட்டேன். உங்கள் அக்கா இரவில் தண்ணீர் குடிக்கட்டும், அப்பா.

நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். நிறையத் தண்ணீர் குடியுங்கள்.

என்றும் உங்கள் அன்பு மகள்.

பின்குறிப்பு: அத்தை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, அட்லஸை மடியில் வைத்து இதை எழுதி முடித்தேன். அம்மா இன்னும் வரவில்லை. தெருவில் பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்கிறது, மதில் மேலிருந்து வெயில்கூட இன்னும் இறங்கவில்லை. ஆயா வந்து ஜன்னல் திரையை இழுத்தார். உள்ளே அத்தை "டிக்கெட்?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. பதில் எதுவும் கேட்கவில்லை. விளக்கை அணைத்துவிட்டார்கள்.