பெயர்த்தும் போகாத எழுத்து

ரைனர்,

சர்ச்சுக்குப் போறேன். ஆப்பிள் கேக் மேசையில இருக்கு. மூணரைக்கு உன் அண்ணன் வர்ற வரைக்கும் அதுல கை வைக்காதே.

காரைப் பார்த்தேன். என் ஹேர் டிரையரால சூடு காட்டி, பல்லிடுக்கு நூலால அறுத்து, பின்னாடி எஞ்சின் அளவு போட்டிருந்த எழுத்தைப் பெயர்த்திருக்கே. நம்மது சின்ன எஞ்சின்னு அண்ணனுக்குத் தெரியக்கூடாதாக்கும்! ஆறு வருஷ வெயில்ல சுத்தியிருந்த சிவப்பெல்லாம் வெளுத்துப்போச்சு, எழுத்து இருந்த இடம் மட்டும் புதுசா மின்னுது. முன்னே கிட்ட வந்தாத்தான் படிக்க முடியும். இப்போ தெருமுனையிலிருந்தே படிக்கலாம்.

மிச்சப் பசையைச் சமையல் எண்ணெய் தொட்டு விரலால தேய். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சை எடுத்தே, பெயின்ட்டும் போயிடும், நானும் சும்மா இருக்க மாட்டேன். தண்ணி ஊத்திக் கழுவாதே. ஞாயித்துக்கிழமை கார் கழுவ இங்க தடை, புகார் பண்ணவே எதிர்வீட்டம்மா இன்னிக்கு ஜன்னலை விட்டு நகர மாட்டாங்க.

கெர்லிண்டே

இன்னொண்ணு: அண்ணன் காருல எழுத்தே கிடையாது, பெரிய எஞ்சின் வச்சிருக்கிறவங்க காட்டிக்க மாட்டாங்கன்னு நாலு வருஷமா புலம்புறியே. வாங்கின அன்னிக்கே அண்ணி என்கிட்ட சொல்லிட்டாங்க. அதுவும் நம்ம எஞ்சின்தான். கேக் சாப்பிடும்போது சிரிச்சுத் தொலைக்காதே.