முன்னால் போன பந்து

ஹாலோவே, மிசிசிப்பி
ஜனவரி 11, வியாழக்கிழமை

அன்புத் தம்பி வெண்டெல்லுக்கு,

அலாஸ்காக் கடலில் உன்னையும் அந்த நண்டுப் படகையும் கர்த்தர் தம் உள்ளங்கையில் வைத்துக் காக்க வேண்டி, உன் அக்கா எர்லீன் எழுதுவது. எனக்கு முட்டிவலி தவிர குறையொன்றும் இல்லை. படகில் போன் எடுக்காது என்பதால் துறைமுகத் தபாலாபீசுக்கே இதை அனுப்புகிறேன். கரையேறியதும் குளிக்கக்கூடப் போகாமல் படி.

உன் மகன் சாதித்துவிட்டான். ஃபுட்பாலில் ஒரே சீசனில் இத்தனை யார்டு தூரத்துக்குப் பந்து பிடித்த ரிசீவர் இந்த நாட்டில் இதுவரை ஒருவனும் இல்லை. பழைய ரெக்கார்டை டெவான்டே இரண்டு யார்டு தாண்டிவிட்டான்!

ஆறு வருஷத்துக்கு முன் என் சமையலறையில் நீ சொன்னது மறந்திருக்காது. குவார்ட்டர்பேக்காகப் பந்து எறிந்துகொண்டிருந்த பிள்ளை, காலேஜில் தானே கேட்டு ரிசீவராக மாறினான் என்றதும், "அடுத்தவன் எறியறதைத் துரத்திப் பிடிக்கப் போறியா? போ. எவனும் பிடிக்காத அளவுக்கு ஒரு சீசன் பிடிச்சிட்டு வா, அப்புறம் பேசுறேன்" என்று அவனிடம் சொல்லிக் கதவை அறைந்துவிட்டுப் போனாய். அன்றிலிருந்து அவனோடு உனக்குப் பேச்சு இல்லை. உன் கோபம் எனக்குத் தெரியும். உன் காலத்தில் அந்த வெள்ளைக்காரக் கோச், "உங்க ஆளுங்களுக்குக் கால் இருக்கு, எறியறதுக்குத் தலை வேணும்" என்று சொல்லி, குவார்ட்டர்பேக்காக இருந்த உன்னை வலுக்கட்டாயமாக ரிசீவராக மாற்றினான். அது பெரிய அநியாயம். ஆனால் இவனை யாரும் மாற்றவில்லை தம்பி. ஓடிப் பிடிப்பதுதான் அவனுக்குச் சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டம். பாஸ்டர் கிப்சன் பிரசங்கத்தைப் பாதியில் நிறுத்தி, "ஆமென், டிவியைப் போடுங்க" என்றார். கடைசி இரண்டு நிமிஷத்தில், இரண்டு பேர் மேலே தொங்க, கோட்டோரம் கால் கட்டைவிரல்களை ஊன்றி ஒற்றைக் கையால் பிடித்தான் பார்! சகோதரி ஓபல் குதித்த குதியில் அவள் தொப்பி உருளைக்கிழங்கு சாலட்டில் போய் விழுந்தது.

முடிவெட்டுகிற எம்மெட் மட்டும், "பழைய ரெக்கார்டு பதினாறு ஆட்டத்துல. இப்ப சீசனுக்குப் பதினேழு. இது என்ன பெரிசு?" என்றான். "ஏன்யா எம்மெட், தொடை பிடிச்சு ஒரு ஆட்டம் அவன் வெளிய உக்காந்தானே, பதினேழுல ஒண்ணு போனா எவ்வளவு? இதுல நீ எங்க தலையில கத்திரி வேற வைக்கிறே" என்றேன்.

செவ்வாய்க்கிழமை தலையில் குண்டைத் தூக்கிப் போட்டார்கள். ஆட்டம் முடிந்தாலும் லீக் ஆபீசில் படத்தைத் திரும்பப் போட்டுப் பார்ப்பார்களாம். இவனுக்கு ஒன்பது யார்டு தந்த ஒரு சின்ன எறிதலில் சந்தேகமாம். பந்து முன்னால் போயிருந்தால்தான் பிடித்த கணக்கு. ஒரு விரல்கடை பின்னால் போயிருந்தாலும் ஓடின கணக்கு, ஒன்பதும் போய்விடும். டெவான்டே போனில், "ரெக்கார்டு போனா போகுது அத்தை. அப்பா சொல்லிட்டுப் போனாரே, அதுதான்..." என்றான்.

புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் ஓபல் எழுந்து, "ஆண்டவரே, பந்து முன்னாலதான் போச்சு. நீர் மேலேயிருந்து பார்த்தீர். அந்த ஆபீஸ்காரங்க கண்ணையும் திறந்துவிடும்!" என்று வேண்டினாள். பாஸ்டர் இருமினார். பந்துக்காக ஜெபிப்பதா என்று எனக்கும் கூச்சம்தான். நான் பந்துக்காக ஜெபிக்கவில்லை. உனக்காக ஜெபித்தேன்.

இன்று காலை டெவான்டே கூப்பிட்டான். "நிக்குது அத்தை! அரை அடி முன்னால போயிருக்கு! எவனும் இனி அதுல கை வைக்க முடியாது!" என்று காது கிழியக் கத்தினான். மாவுக் கையோடு தெருவுக்கு ஓடினேன். முட்டிவலி எங்கே போனதோ தெரியவில்லை. தீயணைப்பு வண்டி சைரன் அலற ஊரை மூன்று முறை சுற்றியது. எம்மெட்கூட இன்று ஊருக்கே இலவசமாக முடிவெட்டுகிறான். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!

கத்தி ஓய்ந்ததும் பிள்ளை மெதுவாக, "அப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டான். "இப்பவே கடிதாசி போடுறேன்டா கண்ணு" என்றேன்.

ஊர் மாறினான், வீடு மாறினான், கார் மாற்றினான். பள்ளிக்கூடத்தில் படிக்கையில் நீ வாங்கிக்கொடுத்த போன் நம்பரை மட்டும் மாற்றவில்லை. கண்டவனெல்லாம் கூப்பிட்டுத் தொந்தரவு செய்கிறான், மாற்று என்று எத்தனை பேர் சொல்லியும் கேட்கவில்லை. உன்னிடம் இருப்பது அந்த நம்பர்தானே.

கர்த்தர் உன் படகைப் பத்திரமாகக் கரை சேர்த்து, உன் வாயையும் திறப்பாராக.

உன் அக்கா,
எர்லீன்