பதில் வராத வீடுகள்

பலாபத்வல,
வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்

பஸ்லாவின் வாப்பாவுக்கு நிஹ்லா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மகளும் உங்கள் உம்மாவும் சுகம். தோஹா வெயிலில் உங்கள் உடம்பை அல்லாஹ் பாதுகாக்கட்டும்.

கம்பனி இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம் போடக் கேட்கிறது, மாத முடிவுக்குள் கையெழுத்து வைக்க வேண்டும், நீ ஒன்றும் சொல்லாவிட்டால் சரி என்று எடுத்துக்கொள்கிறேன் என்று போன வாரம் போனில் சொன்னீர்கள். நானும் ஒன்றும் சொல்லவில்லை. போனில் தொடங்கினால் எனக்கு அழுகை வரும், உங்களுக்குக் கோபம் வரும். அதனால்தான் எழுதுகிறேன். ஆனால் முதலில் பள்ளிவாசலில் நடந்ததைச் சொல்கிறேன், அப்போதுதான் மற்றதைச் சொல்லத் தைரியம் வரும். என் வேலைக் கதை என்றதும் கொட்டாவி விடாதீர்கள்.

பள்ளிக்குப் போக முடியாதவர்கள் வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் மௌலவி செய்யும் பயானைக் கேட்கவென்று, நம் தெரு வீடுகளுக்குக் கேபிள் இழுத்து நான் ஸ்பீக்கர் பெட்டி வைத்துக் கொடுத்தேன் அல்லவா? பள்ளித் தலைவர் ஸஹாப்தீன் ஹாஜியார் திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை முடிந்ததும் பெட்டிகளைக் கழற்றிவிடு என்றார். ஒரு வீட்டிலிருந்தும் ஒரு பேச்சும் வரவில்லையாம், அதனால் ஒருவரும் கேட்பதில்லையாம்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. வீட்டுக்கு வந்து உங்கள் உம்மாவிடம் கேட்டால், கொஞ்ச நாளாகவே பயான் சில நிமிடத்தில் நின்றுவிடுகிறது, அணைத்துப் போட்டால் திரும்பக் கொஞ்சம் வரும், அப்படியே போட்டுப் போட்டுக் கேட்டேன் என்கிறார். வெள்ளிக்கிழமையும் நான் மாத்தளை டவுன் கம்பியூட்டர் கடையில் வேலைக்கு நிற்பதால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீ பாடுபட்டு வெச்ச சாமான், கொற சொல்ல மனசு வரல்ல மகள்” என்றார். பக்கத்து வீட்டு ஸரீனா ராத்தா, மௌலவி இப்போது சுருக்கமாக முடிக்கிறார் என்று நினைத்தாராம். ஹாஜியாரின் மனைவி முனவ்வரா மாமிக்கும் இதே கதைதான். சொன்னால் ஹாஜியாருக்குக் கோபம் வரும் என்று பேசாமல் இருந்தாராம்.

புதன்கிழமை போய்ச் சோதித்தேன். சத்தம் நிற்காமல் மணிக்கணக்காக ஓடியது. பைத்தியம் பிடிக்காத குறை.

அது வேலை செய்யும் விதம் இப்படித்தான். பள்ளிக் காரியாலயத்தில் இருக்கும் சின்ன இயந்திரம் மைக் சத்தத்தை ஒரே ஒரு பிரதியாகக் கேபிளில் விடுகிறது. வீட்டுக்கு ஒன்றென்று அனுப்புவதில்லை. யாராவது கேட்கிறார்களா என்பதுகூட அதற்குத் தெரியாது. எல்லாக் கேபிள்களும் வந்து சேரும் சுவிட்ச் பெட்டிதான், வேண்டும் என்று சொன்ன வீடுகளின் பக்கம் மட்டும் பிரதியெடுத்துத் தள்ளும். வீட்டுப் பெட்டியைப் போட்டதும், என்னையும் கேட்பவர் குழுவில் சேர்த்துக்கொள் என்று அது ஒரு செய்தி அனுப்பும். ஆனால் ஒரு தடவை சொன்னது போதாது. பள்ளிக்கு வைஃபை கொடுக்கும் ரூட்டர் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை போல, இன்னும் வேண்டுமா என்று எல்லாரையும் கேட்கும். பெட்டிகள் வேண்டும் என்று பதில் சொல்லும். நாலு நிமிடம் போல ஒரு பதிலும் வராவிட்டால், அங்கே ஆளில்லை என்று சுவிட்ச் வழியை அடைத்துவிடும்.

உம்மா அணைத்துப் போடும்போதெல்லாம் பெட்டி புதிதாகச் சேர்ந்திருக்கிறது. சேர்வதில் பிழையில்லை. அப்படியானால் ஜும்ஆ நேரத்தில் மட்டும், இன்னும் வேண்டுமா என்று கேட்க யாரும் இல்லை!

இன்று அரைநாள் லீவு எடுத்து, ஹாஜியாரிடம் கெஞ்சி, ரோட்டுப் பக்கக் காரியாலயத்தில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். பயான் தொடங்கியது. பாங்கு சொல்லும் முஅத்தின் றம்ஸி நானா உள்ளே வந்து ரூட்டரின் பிளக்கைப் பிடுங்கினார். நான் கத்தியதில் மனிதர் நடுங்கிவிட்டார். “பொடியன்மார் பயான் நேரத்துல வைஃபைல படம் பாக்குறாங்க. ஹாஜியார் தான் கழட்டச் சொன்னாங்க” என்றார். பயான் இணையத்தில் போவதில்லை என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் ரூட்டரை அணைத்தால் என்ன வந்தது என்று நினைத்திருக்கிறார்கள். இன்னும் வேண்டுமா என்று கேட்கிற வேலையும் அதனுடையதுதான் என்று நான் யாருக்கும் சொல்லி வைக்கவில்லையே.

பிளக்கைத் திரும்பச் செருகச் சொல்லவில்லை. பொடியன்மார் பயானைக் கேட்கட்டும். லெப்டொப்பை இணைத்து, அந்தக் கேட்கிற வேலையைச் சுவிட்சுக்கே கொடுத்துவிட்டேன். கடைசி துஆ வரைக்கும் எல்லா வீட்டிலும் கேட்டதாம். தொழுகை முடிந்து ஹாஜியார் வீட்டுக்குப் போனபோது முனவ்வரா மாமி வாசலிலேயே நின்று, பெட்டியில் கை வைத்தால் பாருங்கள் என்றாராம். பெட்டிகள் இருக்கட்டும் என்று எனக்குச் செய்தி வந்திருக்கிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கையெழுத்து வைக்கவா என்று கேட்டீர்கள். நான் வரவா என்று நீங்கள் இதுவரை கேட்டதில்லை. கேட்டால் சொல்லலாம் என்று நானும் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். உங்களுக்கு அது சம்மதமாகத் தெரிந்திருக்கும். நீங்கள் நோகக்கூடாது என்று உங்கள் உம்மா உங்களிடம் சொல்வதில்லை, ஆனால் ஒவ்வொரு தொழுகையிலும் உங்கள் பெயரைச் சொல்லி அழுகிறார். பஸ்லா உங்களைப் ‘போன் வாப்பா’ என்கிறாள். மற்றவர்கள் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீங்கள் கேட்காமலே சொல்கிறேன். கையெழுத்து வைக்க வேண்டாம். என் சம்பளமும் மிளகுக் கொடிகளும் இருக்கின்றன, சமாளிப்போம். நீங்கள் வேண்டும் எனக்கு. வாருங்கள்.

வழியில் ஒரு குறையும் வராமல் அல்லாஹ் உங்களை வீடு சேர்க்க, இன்றைக்கே துஆச் செய்யத் தொடங்கிவிட்டேன்.

உங்கள்
நிஹ்லா