மாணவி ஒருவருக்கு விருது

13.6.2012, புதன்
காலையிலேயே வெயில். கண்டெய்னர் லாரி குறுக்கே நின்று ஒரகடம் சாலையில் முக்கால் மணி நேரம் வீண். தனியார் கல்லூரியில் நானோ அறிவியல் சிறந்த மாணவர் ஆய்வு விருது விழா, செய்தி எடுக்கப் போனேன். பொன்னாடை ஏழு, வாழ்த்துரை ஆறு. விருது வாங்கியவருக்கு இரண்டு நிமிடம்.

ர. தேன்மொழி, வாலாஜாபாத். இப்போதுதான் எம்.எஸ்சி. முடித்தவர். சாயக் கழிவுநீரில் நானோ துகள் கலந்து வெயிலில் வைத்தால் நிறம் போய்விடுகிறது. விடுதி மொட்டைமாடியில் ஏழு மாத வேலை. இரண்டு பாட்டில் காட்டினார்: ஒன்று கத்தரிப்பூ நிறம், மற்றது தெளிவு. குடிக்கலாமா என்றேன். "தெரியாது சார். இன்னும் சோதிக்கல." பிடித்தது.

திங்கள் முதல் கம்பெனி வேலைக்குப் போகச் சொல்கிறாராம் அப்பா. பேப்பரில் பெயர் வந்தால் மேற்கொண்டு ஆராய்ச்சி படிக்கட்டும் என்றாராம். வரும் என்றேன். பொதுவாக இப்படிச் சொல்வதில்லை.

14.6, வியாழன்
ஆறாம் பக்கம். தாளாளர், முதல்வர், சிறப்பு விருந்தினர், எல்லாப் பெயரும். 'மாணவி ஒருவருக்கு விருது வழங்கப்பட்டது.' அத்தோடு சரி. கீழே டயர் விளம்பரம். படத்தில் அவர் முகம் தாளாளர் தோளுக்குப் பின்னால்.

பக்கத்தில் இடமில்லாவிட்டால் செய்தி திருத்தும் டெஸ்க் கீழிருந்துதான் வெட்டும். இருபத்தெட்டு வருடமாகத் தெரியும். மேடை வரிசைப்படி பெயர்களை எழுதிவிட்டு, ஆய்வை நிதானமாக விளக்கலாம் என்று அவரைக் கடைசிப் பத்தியில் வைத்தவன் நான். மடத்தனம்.

15.6, வெள்ளி
டெஸ்க்குக்கு போன். திருத்தம் கேட்டேன். "தப்பா வந்தாத்தாண்ணே திருத்தம். வராததுக்கு இன்னாத்த திருத்துறது?" சிரிப்பு வேறு.
தனிப் பேட்டியாக எழுதி அனுப்பினேன். முதல் சொல்லே தேன்மொழி.
பைக் பஞ்சர். இ.பி. பில் நாளை.

17.6, ஞாயிறு
பேட்டி வரவில்லை. அடுத்த வாரம் பார்க்கலாமாம்.
வாலாஜாபாத், அவர்கள் வீடு. அப்பா ரங்கநாதன் வியாழக்கிழமை பேப்பரை எடுத்து வரி விடாமல் சத்தமாகப் படித்தார். "எல்லார் பேரும் கீது. எம் பொண்ணு பேரு எங்க சார்?"
விழாவில் குறிப்பெடுத்த நோட்டைக் காட்டினேன். அந்த நாளின் முதல் வரியில் பெயர். பார்த்தார். கோபமில்லை.
"இது நீங்க எழுதிக்கினது சார்."
தேன்மொழி தண்ணீர் கொடுத்தார்.

18.6, திங்கள்
தூறல். மாலை, ஒரகடம் கூட்டுரோடு. கம்பெனி பஸ்ஸிலிருந்து நீலச் சட்டையில் தேன்மொழி இறங்கினார். நானே போய் நின்றேன். கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைத் திருப்பிக் காட்டினார்.
"பேரு சரியா போட்டிருக்காங்க சார்."