சாவு வீட்டில் சொன்ன ‘வரேன்’

12 ஆகஸ்ட் 1971, வியாழன்

பக்கத்து லேத்தில் வேலை பார்க்கும் கோபாலின் அப்பா இறந்து நாலு நாளாகிறது. இன்றைக்குத்தான் ஷிப்ட் முடிந்து அம்பத்தூரில் அவன் வீட்டுக்குப் போனேன். சித்தப்பா, மாமா, அத்தைகள் என்று வீடு நிறைய ஆட்கள். யாரையும் முன்பின் பார்த்ததில்லை. “நீதான் ஜோசப்பா?” என்று ஆளாளுக்கு விசாரித்தார்கள், காபி கொடுத்தார்கள். கிளம்பும்போது, என் வாயில் கொள்ளியை வைக்க, பழக்கதோஷத்தில் “வரேம்மா” என்று சொல்லித் தொலைத்தேன்.

பெரிய அத்தை சீறினாள். “இன்னாப்பா நீ? சாவு ஊட்ல வந்துட்டு வரேன்னு சொல்லலாமா?”

கோபாலின் அம்மா தலை நிமிரவில்லை. “உடு அண்ணி. அவரும் அன்னிக்கு வரேன்னு சொல்லிட்டுத்தான் வேலைக்குப் போனாரு.”

நாளை எனக்குக் காலை ஷிப்ட். அம்மாவிடம் என்ன சொல்லிவிட்டுக் கிளம்புவது?